ஹட்டன் சனிக்கிழமைப் பேச்சு வகுப்பு: காசு கட்டலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தரம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் அனுப்பலாம், கட்டுகிற காசுக்கு வஞ்சகம் இல்லை. பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்த் தினப் போட்டியில் கப் தூக்குவதற்காக மட்டும் என்றால் வேண்டாம், அதற்கு இவர்கள் ஆள் இல்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு மாடியில் சனிக்கிழமை பின்னேரம் நடக்கிற வகுப்பைத்தான் சொல்கிறேன். என் மகள் போகிறாள். பெற்றோர் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்கலாம் என்று விட்டிருக்கிறார்கள், அதனால் இதில் பாதி நானே பார்த்தது. மாதம் 1800 ரூபா, டியூட்டுக்கு, அதாவது அச்சடித்துக் கொடுக்கிற பாடக் குறிப்புக்கு, தனியாக எடுப்பார்கள். மெத்ஸ், சயன்ஸ் டியூசனுக்குக் கொடுக்கிறதோடு பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நம்ம பக்கத்துப் பாடசாலைகளில் பேச்சு எப்படிப் பழக்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சேர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், 'அக்கிராசனர் அவர்களே, நடுவர் பெருமக்களே' என்று தொடங்கி எந்த வரியில் கையைத் தூக்குவது, எந்த வரியில் குரலை இறக்குவது என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பரிசும் கிடைக்கும். கீழே இறங்கி வந்ததும் 'ஏன் அப்படிச் சொன்னாய்?' என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை முழிக்கும், ஏனென்றால் அது அதனுடைய பேச்சே இல்லை. நான் இந்த வகுப்புக்கு அனுப்பியதே அந்த முழியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான்.

இங்கே முதல் மாதம் ஒருவரையும் மேடையில் ஏற்றுவதில்லை. இதைக் கேட்டு இரண்டாவது வாரமே பிள்ளையை நிறுத்திய பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த மாதம் முழுக்க மற்றவர்கள் பேசிய பேச்சைப் பிரித்துப் பார்க்கிற வேலை. அச்சடித்த பேச்சு ஒன்றைக் கொடுத்து, பேசுகிறவர் நம்மிடம் ஒப்புக்கொள்ளச் சொல்கிற விசயத்துக்குக் கீழே ஒரு கோடு, அதற்கு அவர் காட்டுகிற ஆதாரத்துக்கு இரண்டு கோடு, சொல்லாமலே நாம் நம்பிக்கொள்வோம் என்று அவர் விட்டுவிட்ட விசயத்தை ஓரத்தில் பிள்ளையே எழுத வேண்டும். கோடு போடுவதெல்லாம் லேசு. ஓரத்தில் எழுதுகிற இடத்தில்தான் எல்லோரும் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இது ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவியலாளர் 1958இல் வெளியிட்ட முறையைச் சுருக்கியது. கூற்று, ஆதாரம், அந்த ஆதாரம் எப்படி அந்தக் கூற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்கிற நடுப்பாலம். வகுப்பு எடுக்கிற மிஸ் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை போர்டில் எழுதிவிட்டு அழித்துவிட்டார், நல்ல காரியம். அரிஸ்டோட்டிலின் மூன்றும் வருகிறது: பேசுகிறவரின் நம்பகம், கேட்கிறவரின் உணர்ச்சி, சொல்கிறதின் நியாயம். அதுவும் சும்மா தொட்டுவிட்டுப் போகிற அளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவின் பேச்சை எடுத்த வகுப்பு. 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில் அவர் சொன்ன 'ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு' நம் எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்பில் கேட்டதும் ஒரு பையன் டக்கென்று எழும்பி, பிறகு யுத்தம் வந்ததுதானே மிஸ், அவர் சொன்னது சரியாகிவிட்டது, அதனால்தான் அது நல்ல பேச்சு என்றான். பின்வாங்கில் இருந்த நாங்களும் தலையாட்டினோம். மிஸ் விடவில்லை. '1956இல் அங்கே உட்கார்ந்திருந்த எம்பிக்கு 1983 தெரியுமா மகன்? தெரியாத ஆளுக்கு அவர் அன்றைக்கு என்ன காரணம் காட்டினார்?' என்று கேட்டார். அப்புறம்தான் பிள்ளைகள் அந்த வரியைத் தள்ளி வைத்துவிட்டு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததைப் படிக்கத் தொடங்கினார்கள். அதே சொற்களைத் தலைகீழாக மாற்றி வைத்ததால் காதில் ஒட்டிக்கொள்கிறது, சரி, ஒட்டிக்கொள்வது வேறு ஒப்புக்கொள்வது வேறு என்பதை யாரும் உரையாற்றாமலே அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் 56க்கு 29 என்று நிறைவேறியது என்பதையும் போர்டில் எழுதிவிட்டு, இவ்வளவு நல்ல வரி ஏன் தோற்றது, அவர் யாரைப் பார்த்துப் பேசினார், எதிரே இருந்தவர்களையா, நாளைக்குப் படிக்கப்போகிறவர்களையா என்று வீட்டு வேலை கொடுத்தார்.

அதிலேயே இன்னொன்றையும் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். 1947இல் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948, 49 சட்டங்களில் குடியுரிமையும் வாக்கும் பறிபோன பிறகு 1952இல் ஒருவரும் இல்லை. ஆக 1956இல் அந்தச் சபையில் நம்ம தோட்டத்து ஆட்களுக்காக எழும்பி நிற்க நம்ம ஆள் கிடையாது. பேச்சை அலசும்போது யார் பேசினார் என்பதோடு யார் பேச முடியாமல் வெளியே நின்றார் என்பதையும் கேட்க வேண்டாமா? ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்காமல் விட்டால் வேறு எங்கே கேட்பது?

கண்ணகி வழக்கு வேறு மாதிரி. நம்ம பாடசாலை விழாவில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு 'தேரா மன்னா' என்று கத்தினால் கண்ணகி, அவ்வளவுதான். இங்கே கத்தலை எடுத்துவிட்டு வழக்கை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பாண்டியன் சொல்கிற நியாயம், கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை என்பது. கண்ணகி அந்த நியாயத்தோடு மல்லுக்கட்டவே இல்லை, கவனித்தீர்களா? திருடனைக் கொல்லலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் இறங்கியிருந்தால் விடியும்வரை நின்றிருப்பாள். அவள் போட்டது ஒரே ஒரு கேள்வி: என் கணவன் கள்வனா? என் சிலம்பில் மாணிக்கப் பரல், உன்னுடையதில் என்ன? அரசனே தன் வாயால் முத்து என்று சொல்கிறான். உடைப்பதற்கு முன்னாலேயே எது தீர்ப்பு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. மகள் வீட்டுக்கு வந்து இதைத் தன் அம்மம்மாவிடம் சொல்ல, அம்மம்மா 'அப்போ அவ கோவத்துல உடைக்கலையா?' என்று கேட்டு, இரண்டு பேரும் இராச்சாப்பாடு வரைக்கும் சண்டை பிடித்தார்கள். எனக்குக் காசுக்கு வந்தது அந்தச் சண்டைதான்.

வெளிநாட்டுப் பேச்சுகளில் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை வந்தது, வேகமாக முடித்துவிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஓகஸ்ட் 28இல் வாஷிங்டனில் பேசியதை எடுத்தபோது எல்லோரும் எதிர்பார்க்கிற கனவுப் பகுதியை விட்டுவிட்டு முன்பாதியைத்தான் படிக்க வைத்தார்கள். அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்று அவர் சொல்கிற இடம். உரிமையைப் பிச்சையாகக் கேட்காமல் தர வேண்டிய கடனாகக் கேட்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது கடைசி வரிசையில் இருந்த, அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை.

இனி வாதம் கட்டுகிற பகுதி. இதில்தான் நம்ம ஊர்ச் சரக்கு வருகிறது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபா என்று அறிவித்தார்கள், வர்த்தமானியும் வந்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டெம்பரில் 1350இல் வந்து நின்றது. இந்த வரிசையைப் போர்டில் போட்டு, மேடையில் சொன்னதுக்கும் கைக்கு வந்ததுக்கும் நடுவில் யார் யார் எந்த வாதத்தைச் சொன்னார்கள் என்று பிரிக்கச் சொன்னார். அப்புறம் தலைப்பு: நாட்சம்பளமா, பறித்த கிலோவுக்கு ஏற்ற சம்பளமா? தோட்டக் கம்பனிகள் பல வருசமாகக் கேட்கிற விசயம்தான், அதனால் எதிரணிக்கும் பேசச் சரக்கு இருந்தது.

நாட்சம்பளப் பக்கம் பேச வந்த பிள்ளை வெயில், மழை, அட்டைக்கடி, முதுகில் கூடை என்று தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது, எனக்கே தொண்டை அடைத்தது. மிஸ் கேட்டார்: 'எல்லாம் உண்மை மகள். கிலோவுக்குக் காசு கொடுத்தால் அட்டை கடிக்காதா?' வகுப்பே சிரித்துவிட்டது, பிள்ளையும் சிரித்தது. அடுத்த வாரம் அதே பிள்ளை அம்மாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தது. அப்போதைய 1350இல் 8 வீதம், அதாவது 108 ரூபா, சேமலாப நிதிக்கு. அப்புறம் சங்கச் சந்தா, கடன். அதற்கு மேல் பறித்த கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை இல்லாமல் கொழுந்து வராத மாதத்தில் நிறை குறைவது யாருடைய குற்றம், தேயிலைக் காட்டைத் துப்பரவாக்காமல் விட்டது யார், கிலோக் கணக்கு வந்தால் அந்த நட்டம் முழுக்க யார் தலையில் விழும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது எதிரணிப் பையன் தன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, கெட்டிக்காரி ஒரு நாளில் இரண்டு பேர் நிறை பறிக்கிறாளே, அவளுக்கு ஏன் குறைய வேண்டும் என்று கேட்டு அந்தப் பிள்ளையையும் யோசிக்க வைத்தான். பட்டிமன்றத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நடுவர் ஒரு ஜோக் அடித்துத் தாண்டிப் போயிருப்பார்.

சரி, குறைகள். முதலாவது, ஆட்கள் அதிகம். நாற்பது பேரை ஒரே அறையில் போட்டு ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க முடியாது, மகளுக்கு முறை வர வாரக்கணக்காகிறது. இரண்டு குழுவாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டோம், பார்க்கலாம் என்கிறார்கள், பார்க்கலாம் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நின்ற நிலையில் பதில் சொல்கிற பயிற்சி போதாது. ஒரு வாரம் யோசித்து வந்து அடிக்கிற அடி நல்ல அடிதான், ஆனால் விவாதப் போட்டியில் எதிரணி சொன்னதுக்கு ஒரு நிமிசத்துக்குள் பதில் வேண்டும். கொழும்பு, கண்டிப் பாடசாலைகளோடு மோதப் போகிற பிள்ளைக்கு அது இல்லாவிட்டால் கஷ்டம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. உணர்ச்சி என்றாலே இவர்களுக்குச் சந்தேகம். அழ வைத்துவிட்டால் ஏமாற்றிவிட்டான் என்கிற மாதிரி ஒரு பார்வை பிள்ளைகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. இதே ஹட்டனில் 1931இல் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் ஆட்களைக் கூட்டியது வெறும் புள்ளிவிபரத்தால் இல்லை. மீனாட்சியம்மை மேடையில் பாட்டுப் பாடினார், தொழிலாளிக்குத் தெரிந்த மெட்டில் தொழிலாளியின் நிலையைப் பாடினார். அதுவும் வாதம்தான். அதில் எங்கே ஆதாரம், எங்கே உணர்ச்சி, இரண்டும் எப்படிக் கைகோக்கின்றன என்று பிரித்துப் பார்க்கிற ஒரு வகுப்பு கூட இதுவரை வைக்கவில்லை. கிங்கைப் படிக்க நேரம் இருக்கிறது, நம்ம தெருவில் நின்று பாடியவரைப் படிக்க நேரமில்லையா? மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை.

சின்னக் குறைகள் என்றால் டியூட் ஃபோட்டோக்கொப்பி பாதி இடத்தில் மங்கல். தலவாக்கலை, நுவரெலியாப் பிள்ளைகளுக்கென்று சூமிலும் போடுகிறார்கள், ஆனால் மழை வந்தால் சிக்னல் போய்விடும், அதை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

சாதாரண தரத் தமிழ்க் கட்டுரைக்கு இது நேரடியாக உதவுமா என்று ஒரு அக்கா கேட்டார். மகளின் கட்டுரையில் 'ஏனெனில்' கூடியிருக்கிறது, அலங்காரம் குறைந்திருக்கிறது, டீச்சருக்கு அது பிடித்ததா என்பது வேறு கதை. உயர்தரத்தில் அளவையியல் (லொஜிக்) எடுக்க நினைக்கிற பிள்ளைக்குக் கட்டாயம் பிரயோசனப்படும். தரம் 8, 9 பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், அவர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளை வீட்டில் 'அது எப்படி அப்பா தெரியும்?' என்று திருப்பிக் கேட்பது உங்களுக்குப் பிடிக்காது என்றாலும் அனுப்பாதீர்கள், ஏனென்றால் கேட்கும்.