கடற்கரை கார் பார்க்கில் கியூஆர் ஸ்டிக்கர் இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள்

ஜூலைக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்தது. நான், கணவர், பத்து வயது மகள் மூவரும் லண்டனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தென்கரைக்கு, செவன் சிஸ்டர்ஸ் பக்கம் நடக்கப் போனோம். கடலை ஒட்டிச் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். மேலே புல்வெளி, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் பாதை. சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை முழுதாக நடந்தால் 22 கிலோமீட்டர் வரும். நாங்கள் பிள்ளைக்காக அதை மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டோம். அருமையான இடம், கட்டாயம் போங்கள். ஆனால் கார் நிறுத்திய இடத்தில் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

முதல் நாள் காலை. பணம் கட்டும் இயந்திரத்தில் காசு போடும் துளையை டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கியூஆர் ஸ்டிக்கர், 'ஸ்கேன் செய்து கட்டணம் செலுத்தவும்' என்று. கணவர் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, வாம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது, அடியில் வேறொரு ஸ்டிக்கரின் ஓரம் தெரிந்தது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

திறந்த பக்கம் அச்சு அசலாக பார்க்கிங் செயலி மாதிரியே இருந்தது. கார் எண், எத்தனை மணி நேரம், செல்போன் எண், கார்டு விவரம் என்று எல்லாம் கேட்டது. கொடுத்தேன். 'பணம் ஏறவில்லை, வேறு கார்டு போடவும்' என்றது. கணவருடைய கார்டையும் போட்டேன். அந்தச் செய்தியே ஒரு தூண்டில் என்று இப்போது தெரிகிறது. ஒன்றுக்கு இரண்டு கார்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது.

மாலை திரும்பி வந்தால் கார் கண்ணாடியில் அபராதச் சீட்டு. கட்டணம் செலுத்தவில்லையாம். மறுநாள் காலை அங்கே சீட்டு பார்க்கும் ஊழியரைப் பிடித்துக் கேட்டேன். அவர் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தபடியே, "இந்த வாரத்தில் இது மூணாவது" என்றார். மூன்றாவதா? அப்படியென்றால் இயந்திரத்தில் ஒரு வரி எச்சரிக்கை ஒட்டியிருக்கலாமே! எனக்கு அதிகம் வலித்தது இதுதான். தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அங்கேயே நின்று இரண்டு கார்டையும் முடக்கினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பர்லிங் கேப் என்ற இடத்தில் படி இறங்கிக் கூழாங்கல் கரையில் உட்கார்ந்திருந்தோம். போன் வந்தது. திரையில் என் வங்கியின் எண்ணேதான். அதையும் போலியாகக் காட்ட முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று படியேறி மேலே போனேன், ஷூ முழுக்கச் சுண்ணாம்பு. "போலி பார்க்கிங் பக்கத்தில் கார்டு போட்டீர்கள் அல்லவா?" என்று பணிவாகக் கேட்டார் ஒருவர். கார் எண், கார்டின் கடைசி நான்கு எண் எல்லாம் சரியாகச் சொன்னார். முந்தின நாள்தானே கார்டை முடக்கினேன், அதன் தொடர்ச்சி என்றே நம்பிவிட்டேன். உங்கள் கணக்குக்கே ஆபத்து, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள் என்றார். மாற்றப் போனால் வங்கிச் செயலி, பெறுபவர் பெயர் பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டியது. "புதுக் கணக்கு, அப்படித்தான் காட்டும்" என்றார். 1,840 பவுண்டு அனுப்பினேன். அடுத்து கணவர் கணக்கிலிருந்தும் அனுப்பச் சொன்னபோதுதான் கணவரே என் போனை வாங்கித் துண்டித்தார்.

உடனே 159க்கு அழைத்தோம். பிரிட்டனில் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைத்துவிடும் எண் இது, போனில் சேமித்து வையுங்கள். அப்புறம், இப்படி ஏமாற்றி அனுப்ப வைத்த பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்ற விதி 7 அக்டோபர் 2024 முதல் அங்கே இருக்கிறது. 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். எனக்கும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். வெட்கப்பட்டு மறைத்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

கார் பார்க் பலகையில் எழுதியிருக்கும் பார்க்கிங் செயலியை ஆப் ஸ்டோரில் நீங்களே தேடி இறக்கி, பலகையில் உள்ள அந்த கார் பார்க்கின் எண்ணைப் போட்டுக் கட்டுங்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புங்கள், கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கியும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. சொன்னால் அந்த நொடியே போனை வையுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

அபராதத்தை எதிர்த்து, ஸ்டிக்கர் படத்தோடு எழுதிப் போட்டேன். ஏற்கவில்லை. 14 நாளுக்குள் கட்டினால் பாதி என்பதால் கட்டிவிட்டேன். இயந்திரத்தில் எச்சரிக்கை ஒட்டுங்கள் என்று தனியாக ஒரு கடிதமும் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.