டெர்மினலில் தமிழ் மின்னஞ்சல்: மட் நிரலோடு பல வருடங்கள்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், மின்னஞ்சல் படிக்க உதவும் நிரல் மட். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் தொடங்கிய இது, 2020 நவம்பரில் 2.0 பதிப்பைக் கண்டது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோமட் என்ற நிரலும் இருக்கிறது. அலுவலகக் கடிதங்களையும் சொந்தக் கடிதங்களையும் பல வருடங்களாக மட்டில்தான் படிக்கிறேன். வேகம் பிடித்துப்போய் வந்தவன் நான். தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு: இதில் ஏதாவது கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க முடிகிறது.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா வேலையையும் மட்டிடமே கொடுக்கக் கூடாது. சர்வரிலிருந்து கடிதங்களைப் பெறும் ஐமேப், கடிதங்களை அனுப்பும் எஸ்எம்டிபி இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன, வேலையும் செய்யும். ஆனாலும் கடிதங்களை இறக்க எம்பிசிங்க், அனுப்ப எம்எஸ்எம்டிபி, படிக்க மட்டும் மட் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. கடிதம் வரவில்லையா? எம்பிசிங்கைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் அதுவே காரணத்தைச் சொல்லும். போகவில்லையா? எம்எஸ்எம்டிபியின் பதிவுக் கோப்பைத் திறந்தால் சர்வர் என்ன பதில் கொடுத்தது என்று தெரியும். கடிதங்கள் மெயில்டிர் வடிவில், ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக, நம் கணினியிலேயே கிடப்பதால் இணையம் போனாலும் தேடலாம், பதில் எழுதலாம்.

எம்பிசிங்கில் ஒரு விஷயம் பலரைத் தடுக்கி விழவைக்கும். மாஸ்டர், ஸ்லேவ் என்றிருந்த அமைப்புப் பெயர்கள் 1.4 பதிப்பில் ஃபார், நியர் என்று மாறின. இணைப்பின் பாதுகாப்பு முறையைச் சொல்லும் எஸ்எஸ்எல்டைப் என்பது 1.5-இல் டிஎல்எஸ்டைப் ஆனது. பழைய வழிகாட்டியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் எச்சரிக்கைகள் வரிசையாக வரும். பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் 2022-இல் இருக்கிறது. அந்த வருடம் மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லோடு வெளி நிரல்கள் நுழைவதை கூகிள் நிறுத்தியது. அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதையே தொடங்கியது. ஜிமெயிலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, இத்தகைய நிரல்களுக்கென்று கூகிள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கொள்வது எளிய வழி. மற்றபடி, கடவுச்சொல்லை நிரலிடம் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் ஓஆத் முறைதான். அதற்கான பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டோடு சேர்ந்தே வருகிறது. எந்தக் கடவுச்சொல்லாக இருந்தாலும் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைக்காதீர்கள். ஜிபிஜி என்ற மறையாக்க நிரலால் பூட்டிய கோப்பிலிருந்து படிக்கச் சொல்ல ஒரு வரி போதும்.

மட்டின் சொந்த எஸ்எம்டிபி வழியாக அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. சரிபார்க்கும் முறை எதுவும் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். டெபியன் வகை லினக்ஸ்களில், சர்வரிடம் நம்மை அடையாளம் காட்டும் சைரஸ் எஸ்ஏஎஸ்எல் மாட்யூல்கள் தனிப் பொதியாக வருகின்றன. அது நிறுவப்படாமல் இருக்கலாம். ஜிமெயிலில் அனுப்பிய கடிதம் இரண்டு இரண்டாகத் தெரிந்தால், கூகிள் ஒரு நகலும் மட் ஒரு நகலும் வைக்கின்றன என்று பொருள். அனுப்பியதன் நகலை எங்கே வைப்பது என்று சொல்லும் ரெக்கார்ட் என்ற மட் அமைப்பைக் காலியாக விட்டால் சரியாகிவிடும்.

இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஃபோல்டர் ஹுக், அதாவது ஒரு பெட்டிக்குள் நுழையும்போது தானாக இயங்கும் கட்டளை. அலுவலகப் பெட்டிக்குள் போகும்போது அனுப்புநர் முகவரியை மாற்றச் சொல்லியிருந்தால் மட் மாற்றும். வெளியே வரும்போது பழையபடி திருப்பி வைக்காது! சொந்தப் பெட்டியிலிருந்து எழுதிய கடிதம் அலுவலக முகவரியில் போய்ச் சேரும். எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் பொது ஹுக் ஒன்றை முதலில் எழுதி, குறிப்பிட்ட பெட்டிகளுக்கானதை அதன் கீழே எழுத வேண்டும். வரிசைதான் இங்கே முக்கியம்.

அப்புறம் தமிழ். தமிழ்க் கடிதத்தை மட் காட்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மட் அதன் பங்கைச் சரியாகவே செய்கிறது. கணினியின் லோக்கேல், அதாவது மொழி அமைப்பு, யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியீட்டில் இருந்தால் பொருள் வரி, உடல், முகவரிப் பெயர் எல்லாம் தமிழில் வரும். இணைப்புக் கோப்பின் தமிழ்ப் பெயர் மட்டும் குழம்பித் தெரிந்தால், ஆர்எஃப்சி 2047 பாராமீட்டர்ஸ் என்ற அமைப்பு ‘ஆம்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

சிக்கல் டெர்மினலில் இருக்கிறது. டெர்மினல் என்பது கட்டம் கட்டமாகப் பிரித்த திரை. யூனிகோட் அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. ஆகாரம், இகரம், உகரம் முதலிய குறிகள் இடம் பிடிப்பவை. அதனால் ‘கு’ பார்வைக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு கட்டம். இந்தக் கணக்கில் மட், டெர்மினல், நடுவில் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் நிரல்) இருந்தால் அதுவும், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதபோது நெடுவரிசை நகர்கிறது, பழைய எழுத்துகள் திரையில் ஒட்டிக்கொள்கின்றன. கன்ட்ரோல் எல் அழுத்தினால் திரை புதிதாக வரும், ஆனால் அது தற்காலிகம்தான். டிமக்ஸ் இல்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள், யார்மேல் தவறு என்று தெரிந்துவிடும். இந்திய எழுத்துகளுக்கு எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் நல்ல தேர்வு. பட்டியலில் பொருள் வரியைக் கடைசி நெடுவரிசையாகவே விட்டுவையுங்கள். அது நகர்ந்தாலும் வேறெதையும் தள்ளாது.

தமிழில் நீளமாக எழுதுவதற்கு நான் டெர்மினலை நம்புவதில்லை. மட்டின் எடிட்டராக கேட் போன்ற வரைகலை எடிட்டரை வைத்துக்கொள்ளலாம். மூடும்வரை காத்திருக்கச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டர் உடனே திரும்பிவிட்டதாக மட் நினைத்து, எதுவும் எழுதவில்லை என்று கடிதத்தைக் கைவிட்டுவிடும்.

வலைப்பக்கம் போல வடிவமைத்த ஹெச்டிஎம்எல் கடிதங்களுக்கு, எந்த வகைக் கோப்பை எந்த நிரல் காட்டும் என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டபிள்யூ3எம் என்ற எழுத்து உலாவிக்கான வரி ஒன்றும், மட்டில் ஆட்டோ வியூ அமைப்பும் போதும். பில்களும் செய்திமடல்களும் படிக்கும்படி வருகின்றன. படங்களாலேயே கட்டிய விளம்பரக் கடிதம் வராது, அதில் எனக்குக் குறையும் இல்லை.

வேறெதையும்விட எனக்கு அருமையாகத் தோன்றியது பழைய கடிதங்கள் திரும்பக் கிடைத்ததுதான். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழில் எழுதப்பட்ட பல கடிதங்கள் திஸ்கி குறியீட்டில் இருக்கின்றன. அவற்றின் தலைப்பில் வேறு ஏதோ குறியீட்டின் பெயர் இருப்பதால் இன்றைய செயலிகள் புரியாத எழுத்துக் குப்பையாகக் காட்டும். மட்டில் கடிதத்தைத் திறந்து கன்ட்ரோல் ஈ அழுத்தி, குறியீட்டின் பெயரை டிஎஸ்சிஐஐ (திஸ்கியின் ஆங்கிலப் பெயர்) என்று திருத்தினால் தமிழ் வந்து நிற்கிறது! லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் திஸ்கி மாற்றி உள்ளதால் இது முடிகிறது; சில விநியோகங்களில் அந்த மாற்றிகள் தனிப் பொதியில் இருக்கும், நிறுவிக்கொள்ளுங்கள். டாப், டாம் என்ற வேறு பழைய தமிழ்க் குறியீடுகளில் எழுதிய கடிதங்களுக்கு இந்த வழி உதவாது, அவற்றுக்குத் தனி மாற்றி வேண்டும். பெட்டியை மாற்றியதும் இந்தத் திருத்தம் மறைந்துவிடும். அதனால் முக்கியமான கடிதங்களைக் கோப்பாகச் சேமித்து, ஐகான்வ் கட்டளையால் யுடிஎஃப்-8க்கு மாற்றித் தனியாக வைத்துவிடுங்கள். மூலக் கடிதத்தை மட்டும் அழிக்காதீர்கள்.