யாஷிகாவா, கேனோனெட்டா?

பழைய ரேஞ்ச்ஃபைண்டரை (தூரம் பார்த்துக் குவியம் வைக்கும் பிலிம் கேமராவை) வீட்டிலேயே பழுதுபார்க்க முதலில் எதைத் திறக்கலாம் என்று கேட்டால், 1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-ஐ விட 1972-இன் கேனோனெட் ஜி-III க்யூஎல்17-ஐயே நான் சொல்வேன். அதன் ஷட்டர் இயந்திர விசையால் இயங்குவதால், பாட்டரி இல்லாமலும் எல்லா வேகங்களும் கிடைக்கும். வேலூர் வெயிலில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகிப் பரவி ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டால், முன்பக்க லென்ஸைக் கழற்றி, தீக்குச்சி முனையில் சுற்றிய பஞ்சில் லைட்டர் திரவத்தைத் துளியளவு தொட்டுத் துடைத்தாலே பெரும்பாலும் விடுபடும். திருப்புளிகள் லாங் பஜாரில் கிடைத்துவிடும், பொறுமைதான் கிடைக்காது.

யாஷிகாவிலோ, உள்ளிருக்கும் சிறு ரப்பர் திண்டு காலப்போக்கில் கரைந்துவிட, பிலிமை நகர்த்தும்போது கேட்கவேண்டிய 'டக்' ஒலி நின்று, ஷட்டர் நேரமும் பிசகிவிடும். அந்தத் திண்டை எட்டுவதற்கே கேமராவை வெகுவாகப் பிரிக்க வேண்டும்.