இடுப்பில் வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கி: அளவைவிடப் பிடியைப் பாருங்கள்

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று முடிவு செய்தவர்களில் பலர், கடைக்குள் நுழைந்ததும் இருப்பதிலேயே சிறியது எது என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், முந்நூறு கிராம் எடைகூட இல்லாத, .380 எனப்படும் அளவுத் தோட்டா போடும் ஒரு குட்டிப் பிஸ்டலை வாங்கிக்கொண்டு, கால்சட்டைப் பைக்குள் வைத்தாலும் தெரியாது என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். அந்த மகிழ்ச்சி முதல் சுடுதளப் பயிற்சிவரைதான் நீடித்தது. ஐம்பது தோட்டாக்கள் அடங்கிய ஒரு பெட்டியைச் சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல் சிவந்து எரிந்தது. ஏழு கஜத் தொலைவில் தொங்கிய தாளில் என் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அதற்குப் பிறகு அதை எடுத்துப் பழகவே மனம் வரவில்லை. பழகாத துப்பாக்கியை இடுப்பில் சுமப்பது, அதைச் சுமப்பவருக்கும் சுற்றி இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், வேறொன்றைத் தேடத் தொடங்கினேன்.

சிறிய துப்பாக்கி ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். சுடும்போது தோட்டா முன்னோக்கிப் பாயும் விசைக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய அந்த உதை கையில் கூடுதலாகத் தெரியும். குழல் குட்டையாகும்போது குறி பார்க்க உதவும் முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கிவிடுவதால், குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகும் இலக்கில் பெரிய விலகலாக வந்து விழும். இவை இரண்டையும்விட முக்கியமானது பிடியின் நீளம். மிகச் சிறிய பிஸ்டல்களில் மூன்று விரல்களுக்கு இடம் இருக்காது. சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், சிலருக்கு மோதிரவிரலும் பாதிதான் பதியும். உதையை அடக்கும் வலு கையின் கீழ்ப்பகுதி விரல்களிலிருந்துதான் வருகிறது என்பதால், அந்த ஒரு விரல் இல்லாமற்போவது ஒவ்வொரு முறையும் குழலின் முனை மேலே எகிறுவதிலும், அடுத்த குறிக்குத் திரும்பத் தாமதமாவதிலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றுக்குச் சென்றேன். புதிதாக வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்துத் தூக்கிப் பார்க்கும்போது எல்லாத் துப்பாக்கிகளும் கையில் நன்றாகவே உட்காரும். எது உண்மையில் பொருந்துகிறது என்பது ஒன்றன்பின் ஒன்றாக இருபது தோட்டாக்களைச் சுடும்போதுதான் தெரியும். அன்று நான் எடுத்துக்கொண்டவை மூன்று: க்ளாக் 19, சிக் சாவர் பி365, க்ளாக் 43எக்ஸ். மூன்றும் 9 மில்லிமீட்டர் தோட்டா போடுபவை. 1902 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டாவில் இன்று கிடைக்கும், பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டுகள் மிகவும் முன்னேறியவை. 2010களின் நடுவில் எஃப்பிஐ அமைப்பே .40 என்ற சற்றுப் பெரிய தோட்டாவை விட்டு மீண்டும் 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியது. ஆகவே தோட்டாவின் அளவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. கை வலுவோ மூட்டு வலியோ தடையாக இல்லாதவரை 9 மில்லிமீட்டரே போதுமானது.

க்ளாக் 19 பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 1988இல் வந்த இந்த மாதிரி, 102 மில்லிமீட்டர் குழலும், 15 தோட்டாக்களை அடக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினும் கொண்டது. கையில் நிறைவாக உட்காருகிறது. மூன்றில் என் குண்டுகள் மிக நெருக்கமாக விழுந்தது இதில்தான். ஆனால் வெற்று மேகசினோடு சுமார் 670 கிராம் எடையும் 34 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அதை, மெலிந்த உடல்வாகு கொண்ட நான் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருந்தால் மாலைக்குள் இடுப்பெலும்பு வலிக்கும். உயரமும் உடற்கட்டும் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

பி365 இந்தச் சந்தையையே மாற்றிய துப்பாக்கி. 2018இல் அது வருவதற்கு முன், அந்த அளவுள்ள பிஸ்டல்கள் ஆறோ ஏழோ தோட்டாக்களைத்தான் கொள்ளும். 2015இல் வந்த க்ளாக் 43கூட ஆறுதான். சுமார் ஓர் அங்குல அகலத்துக்குள்ளேயே, தோட்டாக்கள் இருபுறமும் மாறி மாறி அடுக்கப்படும் மேகசின் ஒன்றை வடிவமைத்து, பத்துத் தோட்டாக்களை அடக்கிக் காட்டினார்கள். அதன் பிறகே மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன: 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ். சுமார் 500 கிராம் எடையில் இவ்வளவையும் அடக்கிய பொறியியலைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இருந்தாலும் அதன் சாதாரண பிடியில் என் சுண்டுவிரல் விளிம்பில்தான் நின்றது. அதில் இன்னொரு நல்ல அம்சமும் உண்டு: வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது உள்ளே இருக்கும் டிரிகர் பொறியமைப்பில்தான், வெளிப்பிடியில் அல்ல. சட்டப்படி துப்பாக்கியாகக் கருதப்படுவது அந்த எண் உள்ள பாகமே என்பதால், நீளமான பிடியை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கை அளவு குறித்து உறுதியாக இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி.

நான் கடைசியில் வாங்கியது 43எக்ஸ். 2019இல் வந்த இதன் உயரம் 128 மில்லிமீட்டர். க்ளாக் 19இன் உயரமும் அதேதான். ஆகவே பிடி முழுமையாக இருக்கிறது, மூன்று விரல்களும் நிம்மதியாகப் பதிகின்றன. ஆனால் அகலம் 28 மில்லிமீட்டர்தான், வெற்று மேகசினோடு எடை ஏறக்குறைய 530 கிராம். இடுப்பில் தட்டையாகப் படிந்துகொள்கிறது. அதன் மேகசின் பத்துத் தோட்டாக்களைக் கொள்வதும் எனக்கு ஏற்றதாக அமைந்தது, ஏனெனில் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குத் தடை உள்ளது.

இங்கே ஒரு நேர்மையான குறையையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியை ஆடைக்குள் மறைக்கும்போது காட்டிக்கொடுப்பது குழலின் நீளம் அல்ல. குழல் கால்சட்டைக்குள் கீழ்நோக்கி இறங்கிவிடுகிறது. வெளியே துருத்துவது பிடியின் பின்முனைதான். கையெட்டாத அலமாரியிலிருந்து எதையேனும் எடுக்கும்போதும், குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டும்போதும், சட்டையின் மேல் ஒரு கூர்மையான மூலை தெரியும். நீளமான பிடியுள்ள 43எக்ஸில் இந்தச் சிக்கல் பி365ஐவிட அதிகம். இறுக்கமான பனியன்களை விட்டுவிட்டு, ஓர் அளவு பெரிய, கட்டம் போட்ட சட்டைகளுக்கு மாறினேன். பிடியை உடலோடு சாய்த்து அழுத்தும் சிறு இறக்கை பொருத்திய உறையையும் வாங்கினேன். இவை இரண்டும் சேர்ந்து முக்கால் பங்குச் சிக்கலைத் தீர்த்தன. நன்றாகச் சுடக்கூடிய துப்பாக்கிக்காகச் சட்டையை மாற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

உறை பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் நான் கண்ட மிகப் பெரிய தவறு அதில்தான் நேர்ந்தது. துப்பாக்கிக்குச் செலவழித்த பிறகு உறையில் சிக்கனம் பார்த்து, மலிவான துணி உறை ஒன்றை வாங்கினேன். துப்பாக்கியை உருவியதும் அதன் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். வீட்டில், அறையிலிருந்து தோட்டாக்களை எல்லாம் அப்புறப்படுத்தி, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை சரிபார்த்த பிறகு, உருவுவதும் திரும்பச் செருகுவதுமாகப் பழகிக்கொண்டிருந்தேன். ஒருமுறை செருகும்போது, மடிந்திருந்த துணி விளிம்பு டிரிகர் வளையத்துக்குள் நுழைந்ததை நான் கவனிக்கவில்லை. அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். காலித் துப்பாக்கி என்பதால் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் குழல் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை எண்ணியபோது கைகள் நடுங்கிவிட்டன. க்ளாக்கில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது; டிரிகரை எது பின்னுக்கு இழுத்தாலும், அது விரலானாலும் துணியானாலும், அது சுடும். அன்றே அந்த உறையை எறிந்துவிட்டு, அந்த மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டு டிரிகர் வளையம் முழுவதையும் மூடும், வாய் சுருங்காத கைடெக்ஸ் (கெட்டியான நெகிழி) உறையை வாங்கினேன். அதோடு துவளாத, தடித்த இடைவாரும் அவசியம். சாதாரண வார் துப்பாக்கியின் எடையில் தளர்ந்து, உறையைச் சாய்த்துவிடும். கையால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இருந்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும் என்பவர்கள், அதை வெட்கப்படாமல் கேட்டு வாங்கலாம். பி365, ஷீல்டு பிளஸ் இரண்டிலும் அந்த வகை கிடைக்கிறது. பூட்டை விடுவிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவிக்குச் சிக்கல் வேறு. விரல் மூட்டுகளில் வலியுள்ள அவருக்கு, சிறிய பிஸ்டல்களின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பதே போராட்டமாக இருந்தது. சிறிய துப்பாக்கி என்றால் பெண்களுக்கு எளிது என்று கடைக்காரர்கள் பலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்; உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சிறிய ஸ்லைடுக்கு விறைப்பான சுருள்வில் தேவைப்படுகிறது, பற்றி இழுக்க இடமும் குறைவு. அவருக்குப் பொருந்தியது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் ஷீல்டு ஈஸி (EZ). முதலில் 2018இல் .380 தோட்டாவோடும், பிறகு 2020இல் 9 மில்லிமீட்டரிலும் வந்த இந்த மாதிரி, எளிதாக இழுக்கக்கூடிய ஸ்லைடுக்காகவே வடிவமைக்கப்பட்டது. எட்டுத் தோட்டாக்கள்தான் கொள்ளும், மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியதும்கூட. ஆனால் அவர் தாமாகவே, எவர் உதவியும் இன்றி, தோட்டாவை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. அதைவிட முக்கியமான தகுதி வேறில்லை. ஐந்து தோட்டாக்கள் கொண்ட குட்டி ரிவால்வரையும் அவர் முயன்று பார்த்தார். ஸ்லைடே இல்லை என்பது வசதிதான், ஆனால் அதன் நீண்ட, கனமான டிரிகர் இழுப்பு அவருடைய விரலுக்கு ஒத்துவரவில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மறைத்து எடுத்துச் செல்வதை ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அனுமதிக்கின்றன. தனிக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் விதியை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தது. பல மாநிலங்களில் உரிமமே தேவையில்லை; ஆயினும் ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது, எல்லையைக் கடக்கும் முன் அந்த மாநிலத்தின் விதியைப் படித்துக்கொள்ள வேண்டும். அஞ்சலகம் போன்ற கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்குள் கொண்டுசெல்லக் கூடாது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

43எக்ஸ் என் இடுப்புக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதத்தில், சுடுதளத்தில் பழகும் சாதாரணத் தோட்டாக்களில் ஐந்நூறும், இடுப்பில் வைத்துக்கொள்ளும் குழிமுனைத் தோட்டாக்களில் நூறும் சுட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. வியர்வை படுவதால் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் துளி எண்ணெய் விடுகிறேன். மேகசினுக்குள் சேரும் துணி நூலையும் பஞ்சையும் அப்போதே ஊதி எடுத்துவிடுகிறேன். இரவில் அது கட்டிலருகே இருக்கும் எண்பூட்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பெட்டியைச் சுவரில் திருகிப் பொருத்திய பிறகுதான் துப்பாக்கியையே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பெட்டியின் எண் என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பிள்ளைகள் பார்த்துவிட்டார்களோ என்ற ஐயம் எழுந்த இருமுறையும் அதை உடனே மாற்றினோம்.