பத்து கேலன் பானை: அலுமினியமா, எவர்சில்வரா, வெட்டிய கெக்கா?

மூன்று வருடமாக 5 கேலன் அலுமினியப் பானையில்தான் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மால்ட் பாகை (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சாற்றை) வாங்கி, பாதித் தண்ணீரில் கொதிக்கவைத்து, மீதியை வாளியில் பச்சைத் தண்ணீராக ஊற்றி 19 லிட்டராக்கும் முறைக்கு அது தாராளம். பாகை விட்டுவிட்டு தானியத்தையே ஊறவைத்துத் தொடங்கலாம் என்று முடிவெடுத்த அன்றைக்குத்தான் பானை போதவில்லை என்று தெரிந்தது. போன இலையுதிர் காலத்தில் பெரியது வாங்கிவிட்டேன்: 10 கேலன், எவர்சில்வர், அடியோரமாக ஒரு வால்வு. வாங்குவதற்கு முன்னால் நண்பரின் 10 கேலன் அலுமினியப் பானையை இரவல் வாங்கி நான்கு மாதம் காய்ச்சினேன். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் வெட்டிய கெக், அதாவது தலையை அறுத்துப் பானையாக்கிய உலோகப் பீர் பீப்பாய், இருக்கிறது, அதில் அவரோடு சேர்ந்து மூன்று முறை காய்ச்சியிருக்கிறேன். ஆகவே மூன்றையும் கையால் தேய்த்துக் கழுவியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கழுவியவன் என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன், ஏன் என்று பிறகு வரும்.

நான் இருப்பது மிஷிகனில். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் வரி போனது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம், அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம்.

முதலில் அளவு. கடைகளில் 8, 10, 15 கேலன் என்று மூன்று அளவு கிடைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து நிறையப் பேர் 8 கேலனை எடுத்துவிடுகிறார்கள், நானும் எடுக்க இருந்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததில் மனம் மாறியது. கடைசியில் 19 லிட்டர் பீர் வேண்டும். அடிமண்டியோடு 2 லிட்டர் போகும். ஒரு மணி நேரக் கொதியில் ஏறக்குறைய 4 லிட்டர் ஆவியாகும். ஐந்தரைக் கிலோ தானியம் 5 லிட்டர் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மொத்தம் 30 லிட்டர். நான் செய்வது பையில் ஊறவைக்கும் முறை, அதாவது தானியத்தைத் துணிப்பையில் போட்டு முழுத் தண்ணீரையும் ஒரே பானையில் வைத்துவிடுவது. அப்போது அந்தத் தானியமும் பானைக்குள் மூன்றரை, நான்கு லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆக 34 லிட்டர். 8 கேலன் என்பது 30 லிட்டர்தான், 10 கேலன் 38. கொஞ்சம் கனமான பீர், எங்கள் மிஷிகனின் டூ ஹார்ட்டட் பீர் மாதிரி 7 சதவீத ஆல்கஹாலில் காய்ச்ச ஆசைப்பட்டால் ஆறரைக் கிலோ தானியம் வேண்டியிருக்கும், அப்போது 10 கேலனிலேயே விளிம்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே வந்து நிற்கும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். தானியத்தைத் தனிப் பாத்திரத்தில் ஊறவைத்து வடித்து ஊற்றுகிறவர்களுக்கு 8 கேலன் போதும் என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முதல் கொதியில் நுரை எழும்பும்போது அடுப்பைவிட்டு ஒரு நிமிடம் நகர முடியாது.

15 கேலன் இரண்டு மடங்கு காய்ச்சுகிறவர்களுக்கு. அதில் 19 லிட்டர் மட்டும் காய்ச்சினால் வாய் அகலம் என்பதால் ஆவி அதிகம் போகும், பாதிக்கும் மேல் காலியாக நிற்கும், வைக்க அலமாரியில் இடமும் கிடையாது. எங்கள் வீட்டில் மாதம் ஒரு தடவை 19 லிட்டர் தீர்வதே பெரிய விஷயம்.

மூடி, கைப்பிடி, உள்ளே அளவுக்கோடு இதெல்லாம் எல்லாப் பானையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கைப்பிடி ரிவெட்டோ வெல்டோ, கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'பீர் கெட்டில்' என்று பெட்டியில் அச்சடித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, உணவகச் சாமான் கடையில் கிடைக்கும் சூப் பானையும் அதே வேலையைச் செய்யும். மிஷிகனின் கலமசூ நகரில் லாரி பெல் என்பவர் 1985-ல் விற்பனைக்குக் காய்ச்ச ஆரம்பித்ததே ஒரு 15 கேலன் சூப் பானையில்தான். டூ ஹார்ட்டட் அவர் தொடங்கிய பெல்ஸ் பீர் ஆலையின் பீர்தான்.

இனி உலோகம். அலுமினியத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை பாதிக்கும் குறைவு. எடை குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் நல்லது, அதனால் அடி முழுக்கச் சீராகச் சூடேறும், ஒரே இடத்தில் பிடித்துத் தீயாது. எவர்சில்வரில் மால்ட் பாகு ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்காவிட்டால் சுடர் படும் இடத்தில் கறுப்பாகப் பிடிக்கும், அலுமினியத்தில் எனக்கு அப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. ஆனால் "அலுமினியம் சீக்கிரம் கொதிக்கும்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே வைக்கும் புரொப்பேன் அடுப்பில் இரண்டு பானைக்கும் நான் பார்த்த வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடம்தான். (புரொப்பேன் அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். ஜனவரிக் குளிரிலும் நான் வெளியே நின்றுதான் காய்ச்சுகிறேன்.)

உடம்புக்குக் கெடுதலா என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. "புளிக்குழம்பை அலுமினியத்துல வைக்காதடா" என்று அம்மா எப்போதும் சொல்வார், அது சரியான பேச்சு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் அதற்குக் கவசம். அந்தப் படலம் பிஎச் (குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) நாலரையிலிருந்து எட்டரை வரைக்கும் தாங்கும். புளி அதற்கு வெகு கீழே, அதனால் அரிக்கும். கொதிக்கிற மால்ட் நீர் ஐந்தேகால், ஐந்தரை, அதாவது படலம் தாங்கும் எல்லைக்குள்தான். புதுப் பானையில் முதலில் அரை மணி நேரம் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உள்பக்கம் மங்கிப் பழுப்பேறும், அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டுவிட்டால் போதும். நான்கு மாதம் குடித்ததில் உலோக வாடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் அதை வாங்கவில்லை? கழுவுவதால்.

பீர் காய்ச்சும் நாளில் காய்ச்சுவது நான்கு மணி நேரம் என்றால் கழுவுவது ஒன்றரை மணி நேரம். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் பிசின், வெந்த புரதம், தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து பானையின் பக்கவாட்டில் ஒரு வளையமாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு எல்லோரும் போடுவது பெர்கார்பனேட் தூள், வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் வழித்துக்கொண்டு வந்துவிடும். அந்தக் கரைசலின் பிஎச் பத்தைத் தாண்டும். எட்டரைக்கு மேலே போனால் அலுமினியத்தின் கவசம் கரைய ஆரம்பிக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நண்பரின் பானையில் ராத்திரி ஊறவிட்டேன். காலையில் பார்த்தால் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு, அடியில் ஊசி குத்தியது போல் புள்ளி புள்ளியாகக் குழி. நண்பர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார், நான் அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன், ஆனாலும் அந்தக் காலைநேரம் எனக்கு மறக்கவில்லை. சிலிகேட் கலந்த சில தூள்கள் அலுமினியத்தை அவ்வளவு அரிக்காது என்று விற்கிறார்கள், அவற்றை நான் அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுப் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டாலும் இதே கதி. ஆக அலுமினியம் என்றால் காய்ச்சி முடித்த கையோடு, களைப்பில், மெல்லிய சோப்பும் ஸ்பாஞ்சும் வைத்துக் கையால் தேய்த்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது. எவர்சில்வரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை காய்ச்சுகிறவனுக்கு இந்த ஒரு வித்தியாசம் விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

எவர்சில்வரும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ப்ளீச் ஊற்றக் கூடாது, குளோரின் குழி போடும். இரும்புச் சுருள் போட்டுத் தேய்க்கக் கூடாது, அதன் துகள் ஒட்டித் துருவாகும். என் பானையில் வால்வுக்காகத் துளை போட்ட இடத்தைச் சுற்றி இரண்டாம் மாதமே பழுப்பாக ஒரு கீற்று வந்தது, ஆக்சாலிக் அமிலம் கலந்த பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட் தூளைக் குழைத்துத் தேய்த்து, நன்றாக அலசிக் காயவிட்டேன், திரும்ப வரவில்லை. நாளாக ஆக வெள்ளையாக ஒரு பொருக்கு, கால்சியம் ஆக்சலேட், படியும், அதுவும் இந்தத் தூளுக்குக் கேட்கிறது.

பானையைவிட வால்வு முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 28 லிட்டர் கொதிக்கிற நீர் என்பது கிட்டத்தட்ட 30 கிலோ, அதைத் தூக்கிச் சாய்ப்பது ஆபத்து, அதனால் வால்வு கட்டாயம் வேண்டும். என் பானையோடு வந்தது இரண்டு துண்டு வால்வு, உள்ளே ஒரு உருண்டை சுழன்று திறக்கும் வகை, பிரிக்க முடியாதது. மூன்றாவது, நான்காவது தடவை காய்ச்சிய பீர் இரண்டுமே லேசாகப் புளித்த வாடையோடு வந்தன. வாளியை மாற்றினேன், குழாயை மாற்றினேன், ஈஸ்ட்டைக் குறை சொன்னேன். கடைசியில் வால்வைக் கழற்றிப் பாதி திறந்த நிலையில் ஒரு சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தபோது உள்ளேயிருந்து கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தது, நாற்றம் சொல்லி முடியாது. உருண்டைக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் சந்தில் பழைய மால்ட் தங்கி அழுகியிருக்கிறது. வால்வு பானைக்கு வெளியே இருப்பதால் கொதியின் சூடு அங்கே முழுதாகப் போய்ச் சேர்வதில்லை, ஆறிய பிறகு அந்த வழியாகத்தானே அத்தனையும் இறங்குகிறது. இப்போது மூன்று துண்டு வால்வு போட்டிருக்கிறேன். நான்கு போல்ட்டைக் கழற்றினால் உருண்டை கையில் வந்துவிடும், ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுகிறேன், பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பீர் கெடவில்லை. வாங்கும்போது பானைக்கு இருபது டாலர் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வால்வு மூன்று துண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய கெக் பற்றிச் சுருக்கமாக. 15.5 கேலன் பீர் கெக்கின் தலையை அறுத்துப் பானையாக்குவது. தகடு கனம், இடித்தாலும் ஒன்றும் ஆகாது, உலோகம் நல்ல எவர்சில்வர். ஆனால் வெறும் கெக்கே 13 கிலோ வரும். மேலே தோள்பட்டை உள்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே ஒட்டிய பிசின் கண்ணுக்கே தெரியாது, கையை வளைத்துத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கழுவுவதில் மூன்றில் இதுதான் மோசம். இன்னொன்று, கடையில் டெபாசிட் கட்டி எடுத்துவரும் கெக் நம்முடையதாகாது, அது பீர் ஆலையின் சொத்து. கழித்துவிட்டதை முறையாக விலைக்கு வாங்கினால் மட்டும் வெட்டுங்கள்.

மின்சாரத்தில் ஓடும் ஒரே பாத்திரக் கருவிகளை, ஆன்வில் ஃபவுண்ட்ரி, கிரெயின்ஃபாதர் மாதிரி, ஒரு நண்பர் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுக்குமாடியில் இருந்து புரொப்பேன் வைக்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் 120 வோல்ட் சாதாரண பிளக்கில் 1,800 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. 28 லிட்டரை, தானியம் ஊறும் 67 டிகிரியிலிருந்து கொதிக்கு ஏற்ற, வெப்பம் கொஞ்சம்கூட வீணாகாவிட்டாலும் 36 நிமிடம், நிஜத்தில் அதற்கு மேல். 240 வோல்ட் லைன் இருந்தால் கதை வேறு. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் வாங்கப்போகும் எவர்சில்வர் பானையின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், பானைகளில் பெரும்பாலானவை 304 வகை, அதில் ஒட்டாது. அலுமினியம் அந்த அடுப்பில் வேலையே செய்யாது.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான் காய்ச்சுவேன், அன்றைக்கே தேய்த்துக் கழுவிவிடுவேன் என்கிறவர்கள் அலுமினியமே வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் கொதித்ததை ஆறவைக்க ஒரு செம்புச் சுருள் வாங்கிக்கொள்ளலாம். மாதா மாதம் காய்ச்சுகிறவர்கள் 10 கேலன் எவர்சில்வருக்குப் போங்கள், பின்னால் விற்க நேர்ந்தாலும் ஓரளவு விலை போகும். எதை வாங்கினாலும் வால்வு நுழையும் துளையில் போடும் சிலிகோன் வளையம் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். காற்றடிக்கும் நாளில் சுடர் பக்கவாட்டில் ஏறினால் முதலில் போவது அதுதான், போனால் கொதி நடுவிலேயே ஒழுக ஆரம்பிக்கும்.