வாக்குத்தத்த அட்டையா, வருட வாசிப்பா, ஞானோபதேசமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பலர் கையில், புது வருடத்துக்கென்று சீட்டுப்போல எடுத்த, ஒரே வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இருக்கும். சில சபைகளில் ஒரு வருட வேதவாசிப்பு அட்டவணையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் ஞானோபதேசப் புத்தகம் கிடக்கும். மூன்றும் வேதத்தைத்தான் தருகின்றன. ஆனால் திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதும், கூலி கொடுக்கும்போதும், மகனுக்குப் பெண் பார்க்கும்போதும் நம் பார்வையை மாற்றுவது எது? மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் எங்கள் குடும்ப ஜெபத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அட்டையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற சீர்திருத்தச் சபையார் 1731 முதல் வெளியிட்டு வரும் தினவசனப் புத்தகமும் சீட்டெடுத்துத்தான் தயாராகிறது. ஆனால் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம் சீட்டில் விழுந்தால், அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேடிப் பக்கத்தில் வைக்கிறார்கள். நம் அட்டையில் வசனம் தனியாக நிற்கிறது.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் வாசித்தால் என் வேலை, என் விசா, என் பிள்ளையின் மார்க். ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வந்த கடிதத்தின் நடுவில் உள்ள வரி. முந்தைய வசனம் எழுபது வருடம் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போடச் சொல்கிறது. ஏழாம் வசனம் தங்களைச் சிறையாக்கிய அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடச் சொல்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்தவனுக்கு வாடகைக்குக் குடியிருக்கும் தெருவும் அங்கே அடைத்துக் கிடக்கும் சாக்கடையும் ஜெபக் குறிப்பாகிவிடும்.

இந்தக் குறையை வருட வாசிப்பு தீர்க்கிறது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்; தினம் மூன்று, நான்கு வாசித்தால் முடித்துவிடலாம். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன் 1842இல் தன் சபைக்குத் தயாரித்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தினம் நான்கு அதிகாரம் வீதம் ஒரே வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடியும். அட்டையில் அபூர்வமாகவே வரும் லேவியராகமமும் ஆமோசும் இதில் தப்பாமல் வரும். சிக்கல் வேகத்தில்தான்.

எங்கள் வீட்டில் சுற்றுச்சுவர் வேலை நடந்த வருடம் நான் அட்டவணைப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாரிடம், "சில்லறை இல்லண்ணே, திங்கக்கிழமை வாங்கிக்கிடுங்க" என்றேன். அவர் கரண்டியைக் கழுவிச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த வாரம் வாசித்ததில் லேவியராகமம் 19உம் உண்டு. "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்ற வரி என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கட்டத்தில் பேனாவால் டிக் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே அதிகாரத்தை இரவுக்கு நான்கு வசனமாக வாசித்தபோதுதான் மகள் கேட்டாள்: "அப்பா, அன்னிக்கு நீங்க கொத்தனார் மாமாவுக்குக் கொடுக்கலயே?"

மெதுவாக வாசித்துக் கேள்வி கேட்கும் அந்தப் பழக்கம் ஞானோபதேசத்திலிருந்து வந்தது. ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு தமிழில் தந்தார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொரு கற்பனைக்கும் கீழே, இதற்கு அர்த்தம் என்ன என்று ஒரே கேள்வி. "களவு செய்யாதிருப்பாயாக" என்பதற்குக் கீழே வரும் பதில் திருடனை மட்டும் பார்த்துச் சொன்னதல்ல. மோசமான சரக்கு, ஏமாற்று வியாபாரம் வழியாகப் பிறர் பணம் நம்மிடம் வரக்கூடாது. அதோடு, அவருடைய சொத்தும் பிழைப்பும் பெருக நாம் உதவவும் வேண்டும். எதிர்க்கடைக்காரரும் இதில் அடக்கம். பிறன் வீட்டை இச்சிக்காதே என்பதற்கான விளக்கம், சட்டப்படி நியாயம் போலக் காட்டி அதை எடுத்துக்கொள்வதையும் தடுக்கிறது. அக்கா தங்கையிடம் சொத்தில் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண் வீட்டார் தாங்களாகவே போடுகிறார்கள் என்று சொல்லி வாங்கும் நகைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

மூன்றில் என் மனம் ஞானோபதேசத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒரு பெரிய உண்மையை மறைக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஞானோபதேசத்தை ஒப்புவித்த தமிழ்ச் சபைகளிலேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க உத்தரவிட்டபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. தனிக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. புத்தகம் பெயர் சொல்லிக் கேட்காத பாவத்தை மனப்பாடம் தொடாது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரமோ யாரை எங்கே உட்கார வைத்தாய் என்று நேராகவே கேட்கிறது.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை இரவுக்கு ஐந்தாறு வசனமாக வாசிக்கிறோம். முடிந்ததும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறோம்: இதற்கு அர்த்தம் என்ன, நாளைக்கு யாரிடம் இதைச் செய்ய வேண்டும்? வருட அட்டவணையை நான் மட்டும் விடியற்காலையில் தொடர்கிறேன். அட்டை ஜெப அறையில் இருக்கிறது, பக்கத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாக்கோபின் நிருபத்தை எடுத்துக்கொள்ளலாம். 108 வசனம்தான், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் அதிகாரத்தில் வேலைக்காரருடைய கூலி மறுபடியும் வரும். அதற்குள் யாருக்காவது பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.