தாத்தாவைத் தேடி கேனிங் ரைஸ் மேட்டுக்கு

பெர்த்தில் குடியேறிய பிறகு சிங்கப்பூருக்கு வந்தாலே தேக்காவில் சாப்பாடு, சொந்தக்காரர் வீடு என்று லீவு கரைந்துவிடும். இந்த முறை அம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். அவருடைய அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராக, இருந்தவர். அவரைப் பற்றி அரசாங்கத்திடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் தேசிய ஆவணக் காப்பகம். தோபி காட்டில் இறங்கி நடந்தால் கேனிங் ரைஸ் ஏற்றம் நன்றாகவே மூச்சு வாங்க வைக்கும், நடுப்பகலில் போகாதீர்கள். முன்பு ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளியாக இருந்த கட்டடம். புதுப்பித்து 2019இல் திறந்தார்கள். வாசிப்பறையில் இருந்த அம்மையார் தாத்தா பெயரை எழுதிக்கொண்டதோடு நிற்காமல், எந்தத் தெரு, என்ன தொழில், ஏறக்குறைய எந்த வருஷம் என்றெல்லாம் கேட்டார். தேடுபெட்டியில் பெயரை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றுமே அகப்பட்டிருக்காது.

காரணம் இருக்கிறது. ஆற்றங்கரைத் துறைமுகமாக இந்த ஊர் வளர்ந்த காலத்துக்கு நமக்கு இருக்கும் பெரிய ஆதாரம், 1800 முதல் 1867 வரையிலான நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆவணங்கள். பெரும்பாலும் கிழக்கிந்தியக் கும்பினி குமாஸ்தாக்கள் எழுதியவை. நிலம், வரி, கப்பல், கவர்னர் கடிதம், இவைதான் அவர்களுக்கு முக்கியம். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு ஏற்றிய படகுத் தொழில் அப்போது பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் சூலியாக்கள் (பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள்) கையில் இருந்தது. பிறகுதான் சீனர்கள் கைக்குப் போனது. அந்த ஏடுகளில் படகோட்டிகள் கூட்டமாக வருவார்கள், ஆளாக வருவது அபூர்வம். ஊரை எப்படி அமைப்பது என்று வரைந்து 1828இல் அச்சான ஜாக்சன் திட்ட வரைபடத்தில் ஆற்றோரமாகச் சூலியா கம்போங் (சூலியாக்கள் குடியிருப்பு) என்று இடமே குறித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இருந்தவர் யார் என்று அது சொல்லாது. நம் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தெருவையும் தொழிலையும் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அப்படிப் போனபோது கைகொடுத்தது 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு. தமிழிலேயே பேசிய பதிவுகளும் உண்டு. கிட்டங்கியில் கடைக்கு ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை, எல்லோருக்கும் பொதுச் சமையல். பெட்டியடிப் பையனாக வந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வது வழக்கம். தாத்தாவின் பெயர் எங்கும் இல்லை. அவர் பொழுது எப்படிப் போயிருக்கும் என்பது மட்டும் பிடிபட்டது. எனக்கு அதுவே பெரிசு.

நடுவில் ஒரு பழைய வணிக நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒருவர் மாற்றி ஒருவரிடம் தள்ளிவிட்டு, கடைசியில் பழைய காகிதமெல்லாம் இடம் மாறும்போது போட்டாச்சு என்றார்கள். சரி, அது அவர்கள் இஷ்டம்.

அப்புறம் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம். பழைய நாளிதழ்களின் மின் தொகுப்பில் 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இரண்டும் இருக்கின்றன. நிறையப் பக்கங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், சிலவற்றை நூலகக் கணினியில் மட்டும்தான் திறக்க முடியும். 1977இல் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னதிலிருந்து 1983இல் தொங்கான் என்ற சரக்குப் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பியது வரை செய்தி செய்தியாகப் படித்தேன். கிட்டங்கிகளும் எழுபதுகளில் இடிபட்டன. ஆற்றோரத்துப் போட் கீயில் இப்போது பீர் குடிப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இணையத்தில் கிடைப்பதை ஊரிலிருந்தே முடித்துவிட்டு, காப்பகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வாருங்கள், லீவு மிஞ்சும். சில ஒலிப்பதிவுகளைக் கேட்க மட்டும் தனி அனுமதி வேண்டும். அப்படி ஒன்றுக்கு நானும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.